ஒரே ஃபைலில் நாலு நெகட்டிவ்

ஹட்டனிலிருந்து விடியற்காலை புறப்படும் கண்டி பஸ்ஸில் புற்றுநோய் கிளினிக்குப் போகிறவர்களை அடையாளம் காண்பது சுலபம். மனைவி ஜன்னல் பக்கம், தலையைச் சுற்றி ஸ்காஃப். கணவன் மடியில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். கினிகத்தேனைப் பக்கம் பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போதும் அவர் ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். தாள் முழுக்க ஆங்கிலம். அதில் அவருக்குத் தெரிந்த சொல் ஒன்று உண்டு. கண் அதைத்தான் தேடுகிறது. கிடைத்ததும் பக்கத்தில் சாய்ந்து சொல்வார்: "இந்தா பாரு, நெகட்டிவ்னு போட்டிருக்கு. ஒன்னும் இல்ல, பயப்படாத."

அந்த "ஒன்னும் இல்ல"வோடுதான் எனக்குத் தகராறு. சொல்கிற மனுசனோடு அல்ல. அந்தச் சொல் நமக்கு அறிமுகமான விதம் அப்படி. டெங்குக் காலத்தில் இரத்தம் எடுத்து நெகட்டிவ் என்றால் வீட்டுக்குப் போகலாம். 2020, 2021 இல் பி.சி.ஆர். வந்தபோது தோட்டத்தில் லயம் லயமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: நோய் இருக்கா, இல்லையா? மார்பகப் புற்றுநோய் ஃபைலில் அந்தக் கேள்விக்கு, சதை எடுத்துப் பார்க்கிற பயொப்சியின் முதல் தாளே பதில் சொல்லி முடித்துவிடுகிறது. பிறகு சேரும் ஒவ்வொரு தாளும் வேறொன்றைக் கேட்கிறது. என்ன வகை, எவ்வளவு பெரிது, எதுவரை போயிருக்கிறது, எந்த மருந்துக்கு மசியும், அந்த மருந்தை உடம்பு தாங்குமா. கேள்வி எதுவென்று தெரியாமல் பதிலை மட்டும் வாசித்தால் நல்லதும் கெட்டதும் இடம் மாறிப் போகும்.

ஒரு சாதாரண ஃபைலிலேயே நாலு நெகட்டிவ் இருக்கலாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் மார்ஜின் நெகட்டிவ் என்றால், வெட்டியெடுத்த சதையின் வெளி ஓரத்தில் லெப்பில் பூசிய மையைப் புற்றுக்கலம் எதுவும் தொடவில்லை என்று பொருள். நல்ல செய்தி. நோட் நெகட்டிவ் என்றால் அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. இதுவும் நல்ல செய்தி. பெரும்பாலும் "0/14" என்ற மாதிரி எழுதியிருக்கும், பதினான்கு எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றிலும் இல்லை. மூன்றாவது, ஈ.ஆர். நெகட்டிவ். இங்கே நல்லது கெட்டது தலைகீழாகிறது. அந்தக் கட்டி ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனைப் பிடித்து வளர்கிற வகையல்ல, ஆகவே தமொக்ஸிஃபென் போன்ற ஹோர்மோன் மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. நாலாவது, ஹெர்-2 நெகட்டிவ். இதை நல்லது என்றும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. ஹெர்-2 என்ற புரதத்தைக் குறிவைக்கிற ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி இவருக்குரியதல்ல, அவ்வளவுதான்.

ஈ.ஆர்., புரொஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹோர்மோனுக்கான பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவாக வருவதும் உண்டு. ட்ரிப்பிள் நெகட்டிவ் என்பது அதுதான். பஸ்ஸில் மிகப் பெரிய பெருமூச்சு வருவது இந்தத் தாளுக்குத்தான், மூன்று முறை அந்தச் சொல் இருக்கிறதே. ஆனால் ஹோர்மோன் மாத்திரையும் ட்ராஸ்டுசுமாப்பும் கைகொடுக்காமல் கீமோவைப் பெரிதும் நம்ப வேண்டிய வகை அது. மறுபுறம், ஈ.ஆர். பொசிட்டிவ் என்று பார்த்துக் கண்கலங்குகிற குடும்பங்களும் உண்டு; ஐந்து வருடத்துக்கோ அதற்கு மேலோ தினம் ஒரு மாத்திரை என்ற நல்ல ஆயுதம் கையில் கிடைத்திருப்பதற்காக அழுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஈ.ஆருக்குப் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். ஓல்ரெட் ஸ்கோர் என்பது அது. எத்தனை பங்கு கலங்கள் நிறம் பிடித்தன என்பதற்கு 0 முதல் 5 வரை, எவ்வளவு அழுத்தமாகப் பிடித்தன என்பதற்கு 0 முதல் 3 வரை, இரண்டையும் கூட்டினால் அதிகபட்சம் 8. 3 அல்லது அதற்கு மேல் என்றால் பொசிட்டிவ். 8/8 என்றால் மாத்திரை நன்றாகக் கேட்கும் வகை என்று டொக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். சில லெப்கள் ஸ்கோருக்குப் பதிலாக வீதம் தரும். 1 வீதத்திலிருந்தே பொசிட்டிவ் என்றுதான் எடுப்பார்கள், 10 வரை இருந்தால் "லோ பொசிட்டிவ்" என்று பக்கத்தில் எழுதுவார்கள்.

எல்லா இலக்கமும் ஸ்டேஜ் இல்லை

உறவுக்காரர்கள் ஃபோனில் கேட்கிற முதல் கேள்வி "எத்தனையாவது ஸ்டேஜாம்?" என்பதுதான். கேட்கிறவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். ஃபைலைத் திறந்தால் இலக்கத்துக்குப் பஞ்சமில்லை, கண்ணில் பட்டதை எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாத துக்கம் பாதி இங்கேதான் பிறக்கிறது.

மார்பக எக்ஸ்ரேயான மெமோகிராமில் பைராட்ஸ் 4 என்றிருந்தால் அது நாலாம் ஸ்டேஜ் அல்ல. சந்தேகமாக இருக்கிறது, சதை எடுத்துப் பாருங்கள் என்று எக்ஸ்ரே டொக்டர் அனுப்புகிற தகவல். 5 என்றால் புற்றாக இருக்க 95 வீதத்துக்கும் மேல் வாய்ப்பு. 6 என்றால் ஏற்கெனவே பயொப்சியில் உறுதியானது. 5ஐ விட மோசம் என்று அர்த்தமே இல்லை. மெல்லிய ஊசி குத்தி எடுத்த டெஸ்டில் சி5 என்றிருப்பதும் இதே மாதிரி, நிச்சயத்தின் அளவு. கிரேட் 3 என்பது மூன்றாம் ஸ்டேஜ் அல்ல. கலங்கள் குழாய் மாதிரி ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா, கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற மூன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி போட்டுக் கூட்டுகிறார்கள். 3 முதல் 5 வரை கிரேட் 1; 6, 7 கிரேட் 2; 8, 9 கிரேட் 3. கட்டியின் குணத்தைச் சொல்கிற இலக்கம் அது, எவ்வளவு தூரம் பரவியது என்று சொல்வதல்ல. சின்னதாய், ஓரிடத்தில் இருக்கிற கட்டியும் கிரேட் 3 ஆக இருக்கலாம்.

இன்னொரு குழப்பம்: ஊசி பயொப்சியில் கிரேட் 2, ஒப்பரேஷனுக்குப் பிறகு கிரேட் 3. நோய் முற்றிவிட்டது, டேட் தள்ளிப் போட்டதால்தான் இப்படி என்று வீட்டில் சண்டையே வரும். ஊசியில் வந்தது நூல் மாதிரி மெல்லிய சில துண்டு. ஒப்பரேஷனில் முழுக் கட்டியும் கையில். கூடையின் மேலே கிடக்கிற ஒரு பிடியைப் பார்த்துக் தேயிலைக் கொழுந்தின் தரம் சொல்வதற்கும் கூடையைக் கொட்டிப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

ஸ்டேஜுக்கு உண்மையில் தேவையானவை டி, என், எம் மூன்றும். டி கட்டியின் அளவு: 2 சென்ரிமீற்றர் வரை டி1, அதற்கு மேல் 5 வரை டி2, 5ஐத் தாண்டினால் டி3, அளவு எதுவானாலும் தோலிலோ நெஞ்சுச் சுவரிலோ ஏறியிருந்தால் டி4. என் என்பது நெறிக்கட்டி: ஒப்பரேஷனுக்குப் பிறகு எண்ணும்போது 1 முதல் 3 வரை என்1, 4 முதல் 9 வரை என்2, 10உம் அதற்கு மேலும் என்3. எம் என்பது தூரத்து உறுப்புகள்: எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை. முன்னால் சின்னதாக "பி" இருந்தால் வெட்டியெடுத்துப் பார்த்த கணக்கு. "சி" இருந்தால் கையாலும் ஸ்கேனாலும் பார்த்த கணக்கு. "வைபி" இருந்தால் கீமோ கொடுத்த பிறகு பார்த்த கணக்கு. 2018 இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு விதிகளின்படி கிரேட், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 எல்லாவற்றையும் சேர்த்தும் ஸ்டேஜ் கணிக்கலாம். ஆகவே ஒரே அளவுக் கட்டி இரண்டு பேருக்கு இரண்டு ஸ்டேஜாக எழுதப்படலாம். பக்கத்து லயத்து அக்காவின் ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிரயோசனமில்லை.

ஒப்பிடுவதற்கு முன் இன்னொன்று: தாள் உங்கள் மனைவியுடையதுதானா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். நம்மவர்களின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கிளினிக் கொப்பியில் ஒரு மாதிரி, லெப் ரிப்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். லெட்சுமி, லக்ஷ்மி, லட்சுமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். ஒரே பெயரில் மூன்று ஆளும் இருக்கலாம். ஒரு தாளில் முன்னெழுத்து அப்பா பெயருக்கு, மற்றதில் கணவன் பெயருக்கு. வயதையும் கிளினிக் இலக்கத்தையும் ஒத்துப் பாருங்கள். பிறகு ஃபைலை அடுக்குங்கள், சாம்பிள் எடுத்த திகதிப்படி. தாள் அச்சான திகதிப்படி அடுக்கினால், கீமோவுக்கு முன்னால் எடுத்த சதையின் ரிப்போர்ட் கீமோவுக்குப் பின்னால் எடுத்தது மாதிரித் தெரியும்.

இரண்டுங்கெட்டான் 2+

இனி ஹெர்-2. ஃபைலில் உள்ளவற்றில் ஆளை அதிகம் அலைக்கழிக்கிறது இந்த ஒரு வரிதான். கலத்தின் சுவரில் ஹெர்-2 என்ற புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நிறம் ஏற்றிப் பார்க்கிறார்கள். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். 3+ பொசிட்டிவ்: 10 வீதத்துக்கும் மேற்பட்ட கலங்களின் சுவர் முழுச் சுற்றும் அழுத்தமாக நிறம் பிடித்திருக்கிறது. இடையில் 2+ இருக்கிறது. நிறம் பிடித்திருக்கிறது, ஆனால் மங்கலாக. ரிப்போர்ட்டில் "ஈக்விவோக்கல்" என்று போடுவார்கள். பலர் இதை "பாதி பொசிட்டிவ்" என்றோ "லேசா இருக்கு" என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இந்த டெஸ்டால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, வேறு டெஸ்ட் செய்யுங்கள் என்பதே அதன் பொருள். பதிலே வராத தாளைப் பதில் என்று நினைத்து ஃபைலுக்குள் வைத்து மாதக் கணக்கில் சுமப்பதுதான் இங்கே நடக்கிற தவறு.

அந்த வேறு டெஸ்டின் பெயர் ஃபிஷ். புரதத்தை விட்டுவிட்டு, அதைச் செய்யச் சொல்கிற ஜீனையே எண்ணிப் பார்க்கிறார்கள். ஹெர்-2 ஜீனுக்கு ஒரு நிறப் புள்ளி, அது அமர்ந்திருக்கும் 17ஆவது நிறமூர்த்தத்துக்கு இன்னொரு நிறப் புள்ளி. குறைந்தது 20 கலங்களில் இரண்டையும் எண்ணி வகுக்கிறார்கள். விடை 2.0க்குக் குறைவாக, 1.2, 1.3 என்ற மாதிரி வந்தால் வழக்கமாக நெகட்டிவ். 2.0உம் மேலும் வந்து, கலமொன்றுக்கு ஹெர்-2 புள்ளி சராசரியாக 4க்குக் குறையாமலும் இருந்தால் பொசிட்டிவ். அப்போது ட்ராஸ்டுசுமாப், வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம். 2+ ஆக வருகிறவற்றில் கூடுதலானவை ஃபிஷ்ஷில் நெகட்டிவாகவே முடிகின்றன. ஆனால் கூடுதலானவை என்பதை நம்பி டெஸ்டை விட்டுவிட முடியாது. மிச்சமுள்ளவர்களுக்கு அந்த ஊசி நோய் திரும்புவதைக் கணிசமாகக் குறைக்கிறது.

ஃபிஷ் எல்லா லெப்பிலும் செய்கிற டெஸ்ட் அல்ல. கட்டியின் துண்டை வேறு லெப்புக்கு அனுப்ப வேண்டும், சில வேளை கையில் கொடுத்துக் கொண்டுபோகச் சொல்வார்கள். புதிதாகச் சதை வெட்ட வேண்டியதில்லை. முதலில் எடுத்ததை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள்; பரஃபின் புளொக் என்று கேட்க வேண்டும். தீப்பெட்டியை விடச் சின்ன பிளாஸ்டிக் கூடு, மேலே வெள்ளை மெழுகு, அதற்குள் பழுப்பாக ஒரு துணுக்கு. ஓரத்தில் இலக்கம் எழுதியிருக்கும். அது ரிப்போர்ட்டில் உள்ள லெப் இலக்கத்தோடு பொருந்த வேண்டும். டொக்டரின் கடிதம், ரிப்போர்ட்டின் கொப்பி, புளொக் மூன்றும் ஒன்றாகப் போகாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். மெழுகு சூட்டுக்கு இளகும். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்ஜின் மூடியின்மேல் பையை வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு, அன்றைக்கு மட்டும் வேண்டாம். வேலை முடிந்ததும் மிச்ச புளொக்கைத் திரும்ப வாங்கி முதல் லெப்பிலேயே ஒப்படையுங்கள். சில வருடம் கழித்து இன்னொரு டெஸ்டுக்கு அதுதான் தேவைப்படும்.

ஃபிஷ்ஷும் தோற்றுப்போகலாம். "சிக்னல் இல்லை" என்றோ "திருப்பி அனுப்பவும்" என்றோ வரும். காரணம் பெரும்பாலும் முதல் நாளிலேயே இருக்கிறது. வெட்டிய சதை ஒரு மணித்தியாலத்துக்குள் 10 வீத ஃபோர்மலினில் விழ வேண்டும். சதையைப் போல் பத்து மடங்கு ஃபோர்மலின் இருப்பது நல்லது. 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். ஃபோர்மலின் சதைக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் இறங்கும். முழு மார்பகத்தை எடுத்துக் கீறாமல் அப்படியே சின்ன வாளியில் போட்டு வைத்தால் ஓரம் ஊறும், நடுவில் உள்ள கட்டி அழுகத் தொடங்கும். போயா எனும் பௌர்ணமி விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையில் 72ஐத் தாண்டுவதும் லேசு. பிரைவேட்டில் ஒப்பரேஷன் செய்து, சதையைப் போத்தலில் போட்டுக் கணவன் கையில் கொடுத்துவிடுகிற இடங்களில், போத்தலில் இருப்பது ஃபோர்மலினா வெறும் உப்பு நீரான சேலைனா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபோர்மலின் கண்ணை எரிக்கும். சேலைனுக்கு மணமே இல்லை. அதற்காக மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம், லேபிளைப் பார்த்தால் போதும்.

ஃபிஷ் முடிவு வரும்வரை கீமோவை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். பல சிகிச்சை முறைகளில் முதல் சில தடவை ஏற்றுகிற மருந்து ஹெர்-2 எதுவானாலும் ஒன்றுதான், ட்ராஸ்டுசுமாப் பிற்பாதியில்தான் சேரும். இருவருக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்று பார்த்துப் பார்த்து கிளினிக் வருகிறவர்களுக்கு, இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே மனம் கொஞ்சம் ஆறும்.

கிலோவும் இறாத்தலும்

இரத்த ரிப்போர்ட் ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலும் வருவதால் இதை வாசிக்கப் பழகிக்கொண்டால் நிறைய அலைச்சல் மிச்சமாகும். டொக்டர் சம்மதித்தால் முதல் நாளே ஹட்டனிலோ தலவாக்கலையிலோ எடுத்துப் பார்த்துவிடலாம். கண்டிக்கோ பதுளைக்கோ போய், "கவுண்ட் குறைவு, அடுத்த கிழமை வாங்க" என்று கேட்டுத் திரும்பும் பயணம் மிச்சமாகும். ஒவ்வொரு முறையும் ஒரே லெப்பில் எடுங்கள். லெப் மாறினால் அலகு மாறும். சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேட்டினின் ஒரு தாளில் 0.9 என்றும், அடுத்த மாதம் வேறு லெப்பில் 80 என்றும் வரும். பார்த்த உடனே நெஞ்சு பதறும். முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், இரண்டாவது லீற்றருக்கு மைக்ரோமோல், 0.9ஐ 88.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 80. நிறுவையில் கிலோவும் இறாத்தலும் மாதிரி, கொழுந்து ஒன்றுதான்.

வெள்ளை அணு மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். கீமோவுக்குத் தேவையானது அதற்குள் உள்ள நியூட்ரோஃபில். மொத்தம் 4,000, நியூட்ரோஃபில் 30 வீதம் என்றால் கையில் இருப்பது 1,200 தான். மொத்தம் 3,200 என்று குறைவாகத் தெரிந்தாலும் நியூட்ரோஃபில் 52 வீதம் என்றால் 1,664. பல கிளினிக்குகள் 1,500ஐ எதிர்பார்க்கும், சில மருந்துகளுக்கு 1,000 போதும் என்று விடுவார்கள். பிளேட்லெட் எனும் தட்டணு 100,000க்குக் கீழே போனாலும் தள்ளிப்போடுவது வழக்கம். மருந்து ஏற்றி 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை நியூட்ரோஃபில் அடியில் கிடக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, இரவானாலும் ஆஸ்பத்திரிதான். உடம்பு சுடுகிற மாதிரி இருந்ததும் இரண்டு பனடோலைப் போட்டுவிட்டு அப்புறம் தெர்மோமீற்றரை வைத்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும். முதலில் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டினால் இந்தத் தாளோடு காட்டுங்கள், கீமோ எடுத்து எத்தனையாவது நாள் என்று வாயாலும் சொல்லுங்கள்.

இருதய எக்கோவில் ஈ.எஃப். என்று ஒரு வீதம் இருக்கும், இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிற இரத்தத்தின் அளவு அது. 50க்கு மேல் என்றால் பொதுவாகப் பயமில்லை. 60 என்று பார்த்து "நூத்துக்கு அறுவதுதானா" என்று இதயம் பாதி செத்துவிட்ட மாதிரி கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஆரோக்கியமான இதயமும் ஒரு துடிப்பில் உள்ளதையெல்லாம் வெளியே தள்ளிவிடுவதில்லை. ட்ராஸ்டுசுமாப் எடுக்கிற காலத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்ப்பார்கள். அந்தத் தாள்களையும் ஈ.சி.ஜி.யையும் லெமினேட் செய்யாதீர்கள். பல மெஷின்களில் சூட்டில் எழுதும் கடதாசிதான். லெமினேட் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். கொப்பி அடித்து வையுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. "நோட்" என்பதை அது "முனை" என்கிறது, கட்டியைச் சொல்கிற "மாஸ்" என்பதை "நிறை" என்கிறது. ஈரல் "அன்ரிமார்க்கபிள்" என்றிருப்பதை "குறிப்பிடத்தக்கதல்ல" என்று தமிழாக்கும். டொக்டர் ஈரலை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை போலிருக்கு என்று கோபம் வரும். ஈரல் சாதாரணமாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். "கெனொட் பீ எக்ஸ்க்ளூடெட்" என்பது இருக்கிறது என்றல்ல, இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது என்று மட்டுமே. "கிரனுலோமா" என்றால் நுரையீரலில் எப்போதோ ஆறிய பழைய தழும்பாக இருக்கலாம்; முன்பு காசநோய் வந்திருந்தால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சி.ஏ. 15-3 என்ற இரத்த டெஸ்ட் நோர்மல் என்பதற்காக நோய் இல்லை என்றாகாது; ஆரம்பத்தில் பலருக்கு அது நோர்மலாகத்தான் இருக்கும். பிரைவேட் லெப்பில் காசு கொடுத்து அதைத் தாமாகவே எடுத்துப் பார்ப்பதைப் போல் வீண் செலவு வேறில்லை.

கடைசியாக, ஃபைல் யார் கையில் இருக்கிறது என்பது. "சம்சாரத்துக்குச் சொல்ல வேணாம் சேர், தாங்க மாட்டா" என்று டொக்டரின் மேசையடியில் மெல்லச் சொல்கிற கணவன்மார் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து வருடம் மாத்திரை விழுங்கப்போவது அவர். எதற்கென்று தெரியாத மாத்திரையை, உடம்பு எரிச்சலும் வியர்வையும் வரும்போது எந்த மனுசியும் நிறுத்திவிடுவாள். ரிப்போர்ட்டின் ஒவ்வொரு நெகட்டிவுக்கும் பக்கத்தில் அது எதைக் கேட்டு வந்த பதில் என்று பென்சிலால் தமிழில் எழுதி வையுங்கள். எழுத முடியாத இடத்தில் டொக்டரிடமோ, தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸிடமோ கேளுங்கள், "எல்லாம் சரியா சேர்?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும், "இந்த வரி எதைப் பத்தி சேர்?" என்று விரலை வைத்துக் கேட்டால் விளக்கம் வரும்.

அப்படி எழுதி வைத்த ஃபைலோடு போகிற பஸ் கம்பளை தாண்டும்போது பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

"என்னாங்க போட்டிருக்கு?"

"அக்குள்ல எடுத்த நெறிக்கட்டி பதினாலுல ஒன்னுலயும் இல்லியாம். ஹோர்மோன் மாத்திர நல்லா கேக்குமாம். இன்னொன்னு இன்னும் தெரியல, மெழுகுத்துண்ட வேற லெப்புக்கு அனுப்பியிருக்கு."

"அது எப்ப வருமாம்?"

"அதத்தான் இன்னைக்கு கேக்கணும். நீயே கேளு."